மணாலிக்குப் போன செகண்ட் கேமரா

கல்யாண வீடியோ எடுப்பதில் எனக்குப் பதினாறு வருஷ அனுபவம். இதை நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு, வேறு யாரும் சொல்வதில்லை. காரணம், நான் செகண்ட் கேமரா. திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் நானும் சின்னதுரையும் சேர்ந்து ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். அவன் ஃபர்ஸ்ட் கேமரா. பொண்ணு, மாப்பிள்ளை, தாலி எல்லாம் அவன் பொறுப்பு. கூட்டம் என் பொறுப்பு. கெட்டிமேளம் முழங்கியதும் மண்டபமே மணமேடையைப் பார்க்கும். நான் மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அட்சதை போடுகிறவர்களின் முகங்களைப் பிடிப்பேன். பெண்ணின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பது, கடைசி வரிசையில் யாரோ ஒரு மாமா அட்சதையை வாயில் போட்டுக்கொள்வது, இதெல்லாம் என் கைவண்ணம். எழுநூறு கல்யாணத்துக்குமேல் போயிருக்கிறேன். தாலி கட்டுவதைக் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு தடவை, அது என்னுடையது. அதிலும் முடிச்சுப் போடும்போது, "லைட்டை இன்னும் கொஞ்சம் ஏத்துடா" என்று சின்னதுரையிடம் சொல்லிக்கொண்டிருப்பது வீடியோவில் தெளிவாக விழுந்திருக்கிறது.

என் மனைவி மலர்விழி விழுப்புரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். தினமும் திண்டிவனத்திலிருந்து ரயிலில் போய் வருகிறாள். கல்லூரி நாளில் மாநில அளவில் தடை ஓட்டம் ஓடி இரண்டாம் இடம் வாங்கியவள். அதற்குச் சாட்சியாக வீட்டில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. கோப்பை கொடுக்கிற அதிகாரி அதில் முழுசாகத் தெரிகிறார். கோப்பையும் முழுசாகத் தெரிகிறது. மலருடைய முகத்துக்கு நேரே யாரோ ஒருவரின் முழங்கை இருக்கிறது. அவள் ஓடியதை யாரும் எடுக்கவில்லை.

போன ஆவணியில் பள்ளிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. உடற்கல்வி ஆசிரியர்களுக்கு மணாலியில் பத்து நாள் பனிச்சறுக்குப் பயிற்சி, மாசி மாதத்தில், வயது நாற்பதுக்குள். இவளுக்கு முப்பத்தொன்பது. எழுதிப் போட்டாள், இடம் கிடைத்துவிட்டது. ஐஸ்கிரீம் சாப்பிட்டாலே தொண்டை கட்டிக்கொள்கிற ஊரிலிருந்து பனியில் சறுக்கப் போகிறாளே என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஏங்க, கடைசி நாளு டெஸ்ட் வெப்பாங்களாம். மேல இருந்து கீழ வரைக்கும் தனியா சறுக்கிக்கினு வரணுமாம். அத ஒரே ஒரு வாட்டி முழுசா வீடியோ எடுக்கணும். நல்லதா, வெல கம்மியா ஒரு கேமரா பாருங்க."

"ஸ்கூல்ல காட்டறதுக்கா?"

"எனக்குத்தாங்க. நான் ஓடறத நானே பாத்ததில்ல."

பதினாலு வருஷத் தாம்பத்தியத்தில் என் தொழில் சம்பந்தமாக அவள் என்னிடம் கேட்ட முதல் வேலை அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஸ்டூடியோ கேமராக்கள் கைக்குழந்தை மாதிரி. கனம் அதிகம், நனையக் கூடாது, சார்ஜ் குறைந்தால் அழும். பனிக்குச் சின்னதாக, கையடக்கமாக ஒன்று வேண்டும். பேர்போன கம்பெனிகளின் விலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தையே மூடினேன். அப்புறம் ஆரம்பித்தது ஆராய்ச்சி. அடுத்த மூன்று மாதமும் சாப்பிடும்போதும் போனில் ஆஸ்திரியாக்காரன் ஒருவன் மலையிலிருந்து சறுக்கிக்கொண்டே கேமரா விமர்சனம் செய்வதைப் பார்த்தேன். அவன் பேசுவது ஒரு அட்சரம் புரியாது. ஆனாலும் தலையாட்டுவேன்.

முதலில் ஆன்லைனில் ஒன்று வரவழைத்தேன். ஆடினாலும் படம் ஆடாது என்று அட்டையில் போட்டிருந்தான். பைக்கின் ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு மயிலம் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே ஓட்டினேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் ஐந்தே நிமிஷத்தில் எனக்கு வாந்தி வந்தது. திருப்பி அனுப்பினேன்.

இரண்டாவது கேமராவுக்கு வெளிச்சப் பரீட்சை. பனி வெள்ளை வெளேரென்று இருக்கும், சாதாரண கேமரா அதில் குழம்பிப்போய் ஆளை இருட்டாக்கிவிடும் என்று படித்திருந்தேன். நம் பக்கத்தில் பனிக்கு எங்கே போவது? மரக்காணம் உப்பளம் நினைவுக்கு வந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, உச்சி வெயிலில் போய் உப்புக் குவியலுக்கு முன்னால் கேமராவோடு குத்துக்காலிட்டேன். அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த அஞ்சம்மாள் என்கிற அம்மா வேலையை நிறுத்திவிட்டு வந்தார்.

"இன்னா சார், உப்ப புடிச்சிக்கினு கீறீங்க? அது இன்னா கல்யாணப் பொண்ணா?"

"டெஸ்ட் பண்றேங்க. கொஞ்சம் அது முன்னாடி நில்லுங்க."

நின்றார். திரையில் உப்பு ஜொலித்தது. அவர் இடத்தில் ஒரு நிழல் மட்டும் நின்றது. எட்டிப் பார்த்தவர், "ஐய, இதுல நான் எங்க சார்?" என்றார். அதுவும் திரும்பிப் போயிற்று. பார்சல் வாங்க வந்த பையன், "சார், நீங்க வாங்கறீங்களா, வாடகைக்கு எடுக்கறீங்களா?" என்று கேட்டே விட்டான்.

மூன்றாவது குயிலாப்பாளையத்தில் கிடைத்தது. ஆரோவில்லில் இருந்துவிட்டு ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்களின் சாமான்களை வாங்கி விற்கிற சேரன் என்பவரிடம் இருந்தது. "ஆல்ப்ஸ் மலையையே பாத்த கேமரா சார் இது" என்று சத்தியம் செய்தார். உள்ளே ஒரே ஒரு வீடியோ மிச்சமிருந்தது. கடற்கரையில் ஒரு நாய் தன் வாலைத் துரத்திக்கொண்டிருந்தது. ஆனால் படம் ஆடவில்லை, நாயின் முகம் மணலின் வெளிச்சத்திலும் பளிச்சென்று இருந்தது. பட்ஜெட்டுக்குள் படிந்தது. வாங்கிவிட்டேன்.

குளிரில் பேட்டரி தாங்குமா என்பது பாக்கி. ஓட விட்டபடியே ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்கும் கேப்பைக் கூழுக்கும் நடுவில் வைத்தேன். ஒரு மணி நேரத்துக்குமேல் தாங்கியது. அந்த ஒரு மணி நேரத்தில் ஃபிரிட்ஜ் கதவு நான்கு தடவை திறந்திருக்கிறது. நான்கு தடவையும் மைசூர்பாகு டப்பாவை நோக்கி வந்த முகம் என்னுடையது. யார் தின்கிறார்கள் என்று மலர் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு இப்படியாகப் பதில் கிடைத்தது.

எல்லாப் பரீட்சையிலும் தேறிய கேமராவை, ஹெல்மெட்டில் மாட்டுகிற பட்டையோடு அவளிடம் பெருமையாக நீட்டினேன். அவள் அதைத் தலையில் வைத்துப் பார்த்தாள். கழற்றினாள்.

"இத நான் மாட்டிக்கினு போனா, இதுல நான் எப்பிடிங்க தெரிவேன்?"

மூன்று மாதம். பைக், உப்பளம், ஃபிரிட்ஜ். இந்த ஒரு கேள்வி என் மண்டையில் உதிக்கவே இல்லை. எதிரில் நின்று பிடிக்க ஆள் வேண்டும்.

மாசி மாதம் எங்களுக்கு முகூர்த்த சீசன். நானே கூடப் போகிறேன் என்று சின்னதுரையிடம் சொன்னதும் அவன் குதித்தான். "ரெண்டு கல்யாணம் இருக்குடா! பேஜாரு பண்ணாத. கூட்டத்த யாரு எடுக்கறது?" செகண்ட் கேமராவின் அருமை அவனுக்குத் தெரிந்த முதல் தருணம் என்பதால் எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்பினேன்.

மணாலியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பத்து நாளும் நான் கம்பளிக்குள் இருந்தேன். மலர் முதல் மூன்று நாள் விழுந்தாள், நான்காம் நாள் நின்றாள், ஆறாம் நாள் வளைந்து திரும்பக் கற்றுக்கொண்டாள். கடைசி நாள் சரிவின் அடியில் இடம் பார்த்து நின்றேன். பேட்டரி குளிராமலிருக்க அக்குளில் வைத்திருந்தேன். முகாமில் ஒரு பழக்கம். ஒருவர் கடைசித் திருப்பத்துக்கு வந்ததும், முடித்தவர்கள் எல்லோரும் சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் தட்டி வரவேற்பார்கள். அதுவரை நான் பேட்டரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

மலரின் முறை வந்தது. உச்சியில் சிவப்பாக ஒரு புள்ளி. கேமராவை ஓட விட்டேன். புள்ளி பெரிதாகி ஆளாயிற்று. முதல் திருப்பம், இரண்டாம் திருப்பம். கை நடுங்கவில்லை, ஃபோகஸ் தப்பவில்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்தது. மூன்றாவது, கடைசித் திருப்பத்துக்கு அவள் முழங்காலை மடக்கினாள். அப்போது இருபது தட்டுகள் ஒரே நேரத்தில் முழங்கின.

கெட்டிமேளம். என் கை கூட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டது.

கையோடு கண்ணும் திரும்பியது. வாயைத் திறந்தபடி ஒரு டீக்கடை அம்மா, தட்டை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்ட கேரளத்து டீச்சர், தாடியைச் சொறிவதை நிறுத்திவிட்ட பயிற்சியாளர், அப்பாவின் தோளில் ஒரு குழந்தை. பதினாறு வருஷத்தில் அவ்வளவு நல்ல முகங்களை நான் பிடித்ததில்லை. ஒன்பது செகண்டு. பிறகுதான் உறைத்தது. திரும்பினால் மலர் அடிவாரத்தில் நின்றுகொண்டு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"எடுத்தீங்களா?" என்று கத்தினாள். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். எடுத்திருந்தேன்தான்.

தாலி கட்டுவதைத் தவறவிட்டால் மாப்பிள்ளையிடம், "சார், ஒரு தடவை சும்மா கையில புடிங்க" என்று கேட்டு மறுபடி எடுப்பது எங்கள் தொழில் தர்மம். அவள் உடை மாற்றப் போனதும் பயிற்சியாளரிடம் எனக்குத் தெரிந்த நான்கு இந்தி வார்த்தைகளையும் கொட்டி இன்னொரு முறைக்குக் கெஞ்சினேன். அவர் சறுக்குக் கட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டே, முடிந்தது என்று கையை விரித்தார்.

பஸ்ஸிலும் ரயிலிலுமாக மூன்று நாள். அவள் கேட்கவில்லை. "நம்ம வூட்டு டிவியில பெருசாப் பாக்கலாம்" என்று வைத்திருந்தாள். ஊர் வந்ததும், எடிட் பண்ண வேண்டும் என்று நான்கு நாள் கடத்தினேன். சின்னதுரை யோசனை சொன்னான்: "அந்த ஒம்போது செகண்டுல ரோஜாப்பூ கொட்ற எஃபெக்ட்டப் போட்டு வுட்றா. எவனுக்குத் தெரியப்போவுது?" போட்டேன். பூ கொட்டியது, நடுவில் ஒரு ஜோடிப் புறாவும் பறந்தது. பார்க்கப் பார்க்க என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து, கதவைச் சாத்தி, டிவிக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். போட்டேன். புள்ளி, ஆள், ஒன்று, இரண்டு. அவள் முன்னால் சாய்ந்தாள். தட்டுச் சத்தம். படம் திரும்பியது. டீக்கடை அம்மா, டீச்சர், பயிற்சியாளர், குழந்தை. மறுபடி மலர், நின்றபடி, கண்ணாடியைக் கழற்றியபடி. படம் முடிந்தது.

எனக்கு அழுகை வந்தது, சொல்வதற்கென்ன.

"சரி, வுடுங்க," என்றாள், என்னைப் பார்க்காமல். "நீங்க அங்கதான நின்னுக்கினு இருந்தீங்க. நீங்க சொல்லுங்க. அந்தக் கடைசித் திருப்பம் எப்பிடி இருந்துது?"

எழுநூறு கல்யாணத்தில் எழுநூறு அம்மாக்களிடம், 'சூப்பரா வந்திருக்குதும்மா' என்று பார்க்காமலே சொன்னவன் நான். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நான் பாக்கல மலரு. கேமரா மட்டும் இல்ல. நானும் பாக்கல."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபம் இருந்தது. அதற்கு அடியில் முழங்கை மறைத்த அந்த போட்டோவின் பழைய வருத்தமும் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு ரிமோட்டை என் கையிலிருந்து பிடுங்கினாள். பின்னால் ஓட்டினாள். தட்டுச் சத்தம் வந்த இடத்தில் நிறுத்தினாள். டீக்கடை அம்மா திறந்த வாயோடு நின்றார்.

"இங்கதாங்க. இந்தம்மா வாயத் தொறந்துக்கினு கீது பாருங்க, இங்கதான் என் எடது கால் கட்ட மாட்டிக்கிச்சு. வுழுந்துட்டேன்னே நெனச்சேன்." கொஞ்சம் நகர்த்தினாள். டீச்சர் தட்டை நெஞ்சோடு அணைத்தார். "இந்த எடத்துல ஒத்தக் கால்ல வர்றேன். ஒத்தக் கால்லங்க! தரையிலகூட என்னால அப்பிடி நிக்க முடியாது." பயிற்சியாளரின் கை தாடியில் உறைந்தது. "அவுரு ஏன் இப்பிடி நிக்கறாரு தெரியுமா? அவுரு சொல்லிக் குடுக்காத மாதிரி திரும்பினேன். எப்பிடி வந்துதுன்னு எனக்கே தெரியல." தோளில் இருந்த குழந்தை இரண்டு கையையும் தூக்கியது. "அவ்ளோதான். இங்க வந்து நின்னுட்டேன்."

ஒன்பது செகண்டைச் சொல்லி முடிக்க அவளுக்கு அரை மணி நேரமாயிற்று. சொல்லச் சொல்ல எழுந்து நின்றுவிட்டாள். முழங்கால் மடங்கியது, இடது கால் தரையை விட்டுத் தூக்கியது, கைகள் இரண்டும் விரிந்தன.

"என்ன இன்னாத்துக்குங்க பாக்கறீங்க? டிவியப் பாருங்க!" என்று அதட்டினாள்.

அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவள் பேச்சைக் கேட்கவில்லை.