தூக்குவதற்கு ஆறு பேர்

"சரி, தூக்குறவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க," என்று கர்ட் கூப்பிட்டார். அடக்கத்துக்கு ஏற்பாடு செய்கிறவர் அவர்தான். யாரும் நகரவில்லை.

கறுப்பு வண்டியின் பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே பெட்டியில் ஜோலீனின் அப்பா, லைல் ஹாவ்ரன். தேவாலயப் படிக்கட்டுக்குக் கீழே பன்னிரண்டு கிழவர்கள், கோட்டில் வெள்ளைப் பூ குத்திக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். ஒரு முன்னாள் கவர்னர், இரண்டு ஓய்வுபெற்ற நீதிபதிகள், மீதிப் பேர் அப்பாவோடு மாநில செனட்டில் உட்கார்ந்தவர்கள். கர்ட் இன்னொரு தடவை கூப்பிட்டார். முன்னாள் கவர்னர் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"நாங்க கௌரவத்துக்குப்பா," என்றார் க்ளென் ஆஸ்டர். செனட்டில் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர், எண்பதைத் தாண்டியவர். "பெட்டிக்குப் பின்னாடி நடந்து வர்றவங்க. தூக்குற ஆறு பேரு வேற. லைலை அஞ்சு தேர்தல்ல தூக்கிவிட்டாச்சு, இதுக்கு மேல என் முதுகு ஒத்துக்காது."

கர்ட் ஜோலீனைப் பார்த்தார். ஜோலீன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா, மார்வா, கைப்பையைத் திறந்து எதையோ தேடுகிறவள் போல் குனிந்துகொண்டாள்.

நடந்தது இவ்வளவுதான். தூக்க ஆள் இருக்கா என்று கர்ட் கேட்டபோது, பன்னிரண்டு பேர் வர்றாங்க என்று அம்மா பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். மூன்று நாளாகத் தொலைபேசியில் அவள் பெரிய மனிதர்களையே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பூ வாங்கினாள். யார் முன்னால், யார் பின்னால் என்று யோசித்தாள். மீதியை யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். அப்பாவின் உத்தியோகமே அப்படித்தானே ஓடியது என்று ஜோலீனுக்கு எரிச்சலாக வந்தது.

"நாப்பது வருஷம் அரசியல்ல இருந்த மனுஷனுக்குத் தூக்க ஆளில்லாம போகுமா?" என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல்.

"போயிருக்கேம்மா."

சாகிறபோது தூக்க நாலு பேராவது வேண்டும் என்பார்கள். இந்தப் பெட்டிக்கு ஆறு பேர் வேண்டும். செந்தேக்கு நிறத்தில் பளபளப்பாக, பித்தளைக் கைப்பிடியோடு, அம்மா தேர்ந்தெடுத்தது. இரண்டு ஆள் கனம் அதற்கே இருக்கும்.

ஜோலீன் கையுறையைக் கழற்றினாள். "நான் ஒண்ணு. வேட், நீ ஒண்ணு." அவள் புருஷன் தலையாட்டினான். வண்டி ஓட்டி வந்தவர் தானும் வருகிறேன் என்றார். ஒரு நீதிபதி, பெண்ணா தூக்குவது என்று முனகினார். அப்படியானால் நீங்க வாங்க என்று அவள் சொன்னதும் பூவைச் சரிசெய்துகொண்டு ஒதுங்கினார். இறைச்சி ஆலைத் தொழிற்சங்கத்திலிருந்து எஃப்ரைனும் அவன் தம்பியும் வந்திருந்தார்கள். ஆலையில் கத்தி பிடிக்கிறவர்களுக்காக அப்பா செனட்டில் பேசியதை அங்கே இன்னும் சொல்லிக்கொள்கிறார்களாம். கேட்கிறதற்கு முன்பே இரண்டு பேரும் வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

ஐந்து.

ஆறாவது ஆள் எதிர்ச்சாரியில் இருந்தார். பழைய பச்சை டிரக்கில், கண்ணாடியை ஏற்றிவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தார். டெல்மர் மாமா, அம்மாவின் தம்பி. அப்பா இருக்கிற இடத்துக்கு அவர் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

மாமா அதே ஆலையில் மாடு அறுத்தவர். வருஷக்கணக்காக ஒரே வெட்டு, ஒரே பக்கம். வலது கை மெல்ல மெல்லச் செத்துக்கொண்டே வந்தது. அப்போதுதான் ஒரு சட்டம் வந்தது. மெல்ல வருகிற வலி விபத்து ஆகாது, அதற்கு நஷ்டஈடு கிடையாது என்றது. செனட்டர் லைல் ஹாவ்ரன் அதை எதிர்த்து எழுந்து நின்று, தொண்டை கட்டும்வரை பேசினார். சட்டம் நிறைவேறிவிட்டது. அந்தப் பேச்சு அவரை மாநிலம் முழுக்கத் தெரிந்த முகமாக்கியது. அடுத்த தேர்தலில் மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது அரசாங்கத்தின் தலைமை வக்கீல், ஆனார். மாமா அந்தச் சட்டத்தின் மேல் வழக்குப் போட்டார். அரசாங்கத்தின் சட்டத்துக்கு அரசாங்க வக்கீல்தான் நிற்க வேண்டும். நின்றது அப்பா. ஜெயித்ததும் அப்பா.

ஜோலீன் அந்த வருஷம் சட்டம் படிக்கப் போவதாக இருந்தாள். விண்ணப்பமே போடவில்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லித்தருகிறாள்.

நேற்று மாலை ஜோலீன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்தபோது, க்ளென் அந்த செனட் பேச்சைப் போல ஒன்றைக் கேட்டதில்லை என்றார். அவருக்குப் பின்னால் வந்த நீதிபதி அந்தக் கோர்ட்டு வாதத்தைப் போல ஒன்றைக் கேட்டதில்லை என்றார். இரண்டு பேரும் ஒரே மாதிரி அவள் கையை அழுத்தினார்கள். நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டே நின்றவளுக்கு, செத்தது ஒரு ஆளா இரண்டு ஆளா என்று குழம்பியது.

கடைசி வாரம் அப்பாவே அப்படித்தான் இருந்தார். புத்தி பிசகி, கூடத்தில் போட்ட ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி பேசினார். காலையில் அவளை "அவைத்தலைவர் அவர்களே" என்பார், கத்தி பிடிக்கிறவன் கையைப் பற்றிப் பேசுவார். சாயங்காலம் "நீதிபதி அவர்களே" என்பார், சட்டம் இயற்றுவது மன்றத்தின் வேலை, அதைத் திருத்துவது கோர்ட்டின் வேலை அல்ல என்பார். இரண்டிலும் குரல் ஒன்றுபோல உறுதி. கடைசியாக எதைப் பேசுகிறார் பார்ப்போம் என்று ஜோலீன் பக்கத்திலேயே காத்துக் கிடந்தாள். காப்பி போடப் போன நேரத்தில் போய்விட்டார். என்ன சொன்னார் என்று அம்மாவைக் கேட்டாள். பின்பக்கத்து ஜன்னலுக்குக் குளிருக்காகப் போடுகிற இரண்டாவது கண்ணாடியை மாட்டியாச்சா என்று கேட்டாராம்.

கர்ட் மணியைப் பார்த்தார். தெருவில் யாரையாவது பிடிக்கட்டுமா, ஹார்டுவேர் கடையில் இரண்டு பேர் சும்மாதான் நிற்கிறார்கள் என்றார். ஆறாவதாக ஒரு ஆள் மட்டும் வேண்டியிருந்தால் அது போதும். அவளுக்கு மாமா வேண்டும். ஏன் என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. கொஞ்சம் இருங்க என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தாள்.

மாமா கண்ணாடியைப் பாதி இறக்கினார். சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அதை அவர் கையால் கட்டியிருக்க முடியாது.

"என்ன ஜோ, உங்கப்பனை வெளியிலயே வெச்சிருக்கீங்க."

"ஒரு ஆள் குறையுது மாமா."

"அங்க பன்னெண்டு பேரு நிக்குதே."

"அவங்க கௌரவத்துக்கு."

மாமாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. சிரித்து முடித்தபின் அவர் வலது கையை மடியிலிருந்து எடுத்து ஸ்டீயரிங் மேல் வைத்தார். விரல்கள் எதையும் பிடிக்காமல் விரிந்தே கிடந்தன.

"இதை வெச்சா தூக்கச் சொல்ற?"

"வலது பக்கம் நின்னா இடது கைதான் வேணும்."

பன்னிரண்டு வருஷமாக யாரிடமும் கேட்காத கேள்வி, கேட்க வேண்டும் என்று நினைக்காமலே வந்துவிட்டது.

"அன்னிக்குக் கோர்ட்டுல அவர் எந்தப் பக்கம் மாமா?"

"எதிர்ப்பக்கம். நான்தான் பார்த்தேனே."

"மனசுல கேக்கறேன்."

"மனசை நான் எங்க பாத்தேன்?" மாமா முன்கண்ணாடி வழியாகக் கறுப்பு வண்டியைப் பார்த்தார். "சின்ன வக்கீலை யாரையாவது அனுப்பியிருக்கலாம். அனுப்பல. சரி, அவனே வந்தான், ஏனோதானோன்னு பேசிட்டுப் போயிருக்கலாம். அதுவும் இல்ல. பாவி, அவ்வளவு நல்லாப் பேசினான். அந்தப் பக்கம் உக்காந்திருந்த எனக்கே, இவன் சொல்றது சரிதானோன்னு ஆயிடுச்சு. முடிஞ்சதும் நேரா வந்து கை நீட்டினான்."

"குடுத்தீங்களா?"

"எந்தக் கையைக் குடுப்பேன்?"

அவர் கதவைத் திறந்தார்.

படிக்கட்டு செங்குத்தானது. மாமா வலது பக்கம் நடுவில் நின்றார், அவருக்குப் பின்னால் ஜோலீன். கர்ட் சொன்னபடி எல்லோரும் ஒரே மூச்சில் எடுத்தார்கள். கனம் அவள் தோளை இழுத்தது. ஏறும்போது முழுப் பாரமும் பின்னால் வந்து இறங்கியது; மாமா முட்டியைப் பெட்டிக்கு அடியில் கொடுத்து நிறுத்தி, மூச்சுக்கு நடுவில், "மெதுவாடா, மெதுவா," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. கௌரவக்காரர்கள் பன்னிரண்டு பேரும் இரண்டிரண்டாகப் பின்னால் வந்தார்கள். தூக்கி வந்தவர்களுக்கு முன்வரிசை ஒதுக்கியிருந்தது. மாமா அங்கே உட்காரவில்லை. பெட்டி தள்ளுவண்டியில் இறங்கியதும் பக்கக் கதவு வழியாக வெளியே போய்விட்டார்.

பூசையில் ஜோலீன் எதையும் கேட்கவில்லை. முன்னாள் கவர்னர் எழுந்து, லைல் ஹாவ்ரன் கொள்கை மாறாதவர் என்றார். அம்மா தலையாட்டினாள். எந்தக் கொள்கை என்று எழுந்து கேட்க ஜோலீனுக்கு வாய் வரைக்கும் வந்தது. வேட் அவள் முழங்கையைத் தொட்டான்.

திரும்பி இறக்கும்போது ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் வந்து வலது பக்கம் நடுவில் நின்றார்.

கல்லறை ஊருக்கு வெளியே, மக்காச்சோள வயல்களைத் தாண்டி. கூட வருகிறவர்கள் முன்விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று கர்ட் ஒவ்வொரு வண்டியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பகல் வெளிச்சத்தில் வண்டிகள் ஒவ்வொன்றாக முன்விளக்கைப் போட்டுக்கொண்டு, கறுப்பு வண்டிக்குப் பின்னால் வரிசையாகச் சேர்ந்தன. ஜோலீன் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பச்சை டிரக் எதிர்ச்சாரியிலேயே நின்றது. உள்ளே ஆள் இருந்தது.

"டெல்மர் வருவானா?" என்றாள் அம்மா, முன்னால் பார்த்தபடியே.

"தெரியலம்மா."

வண்டிகள் நகர ஆரம்பித்தன. டிரக்கின் கண்ணாடியில் வைப்பர் ஆடத் தொடங்கியது. மழை இல்லை. காய்ந்த கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாலைந்து தடவை தேய்த்து, பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு முன்விளக்குகளில் ஒன்று மட்டும் எரிந்தது.