பலகைக்கும் குதிகாலுக்கும் நடுவே

பத்தொன்பது மில்லிமீட்டர் என்று திரை சொன்னதை அவள் நம்பவில்லை. அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அந்த ஸ்கேன் அறையில் பன்னிரண்டு வருடம் பழம் தின்று கொட்டை போட்டவள் அவள். இன்னொன்று, அந்தக் கால் அவள் அண்ணனுடையது. இரண்டாவதை டாக்டரிடம் காரணமாகச் சொல்ல முடியுமா?

அண்ணன் தீயணைப்பு வீரன். குதிகாலுக்கு மேலே ஓடும் தசைநாண் அறுந்து, தைத்து, ஏழு மாதம் ஆகிறது. பாரம் ஏறினால் அந்த நாண் கொஞ்சம் நீளும், விட்டால் பழையபடி சுருங்கும். அளவுக்கு மீறி நீண்டால் தைத்த இடம் இளகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஏணி கிடையாது. ஓய்வு பெறும்வரை நிலையத்தில் உட்கார்ந்து போன் எடுக்க வேண்டியதுதான். ஒரு இடத்தில் பத்து நிமிடம் உட்காராத மனிதன் அவன்.

"மதியத்துக்குள்ள ரிப்போர்ட் அனுப்பணும்மா," என்றார் டாக்டர்.

முந்தின நாள் பதிவை மறுபடி ஓட்டினாள். காலை நீட்டி, முன்பாதத்தால் பலகையை அழுத்தும்போது, தசையும் நாணும் சேரும் இடம் திரையில் மேலே நகரும். நகர்ந்த தூரம்தான் நாண் நீண்ட அளவு. ஆனால் குதிகால் பலகையை விட்டுக் கிளம்பிவிட்டால் அந்தத் தூரமும் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

அவளுக்குச் சுருக்கென்றது. "வலிக்குது, லேசாக் கட்டு" என்று அண்ணன் முனகியதும் பாதத்தைப் பலகையோடு கட்டும் பட்டையை இரண்டு துளை தளர்த்தியது அவள்தான். வேறு யாருக்காவது அப்படி இரங்கியிருக்கிறாளா? வெட்கமாக இருந்தது.

"தப்பு என்னோடது டாக்டர். பட்டையை லேசாக் கட்டிட்டேன். இன்னொரு தடவை பாக்கணும்."

"அண்ணன்ங்கறதால சொல்றீங்களா?"

"அண்ணன்ங்கறதாலதான் நேத்து தப்பே நடந்துச்சு. இன்னிக்கு அளவை நீங்களே எடுங்க."

முதலில் நேற்றைய துளையிலேயே கட்டினாள். குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்து, பலகைக்கும் குதிகாலுக்கும் நடுவே செருகினாள். அண்ணன் அழுத்தினான்.

"இப்ப தாளை இழுங்க."

டாக்டர் இழுத்தார். சத்தமில்லாமல் கையோடு வந்துவிட்டது. திரையில் அதே பத்தொன்பது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

அடுத்து, பட்டையை இழுத்து இறுக்கினாள்.

"ஏய், எனக்குக் கால் வேணும்டி."

"அதுக்குத்தான் கட்டறேன். வாயை மூடிட்டு அழுத்து."

நேற்றைய அளவுக்கே அழுத்தினான். டாக்டர் தாளை இழுத்தார், வரவில்லை. பலமாக இழுத்தார், பாதி கிழிந்து கையோடு வந்தது, பாதி குதிகாலோடு நின்றது. திரையில் பதினொன்று. சந்தேகப் பிராணியான டாக்டர் மூன்று முறை பார்த்தார். பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று. நல்ல காலையும் பார்த்தார், பத்து. பழைய ரிப்போர்ட்டை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

"ஏணி ஏறலாம்."

அண்ணனின் போன் அடித்தது. காலையிலிருந்து அண்ணியின் ஐந்தாவது அழைப்பு. ஊர் வம்பெல்லாம் பேசுகிற அண்ணன் போனைத் தங்கையிடம் நீட்டினான்.

"அண்ணி, அவன் பூட்ஸைத் தேடி எடுத்துத் துடைச்சு வைங்க," என்றாள். போனைக் கையில் பிடித்தபடி நின்று அழுதாள்.

"எல்லாம் சரி," என்றான் அண்ணன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "முதல்ல பட்டையை அவுத்து விடு."