தக்கைக் கற்கள்

படம் எடுக்க ஏதென்ஸிலிருந்து வந்தவர்களுக்கு ஊரில் எல்லாமே கிடைத்தது. கழுதை, களம், இடிந்த சுவர், பல்லில்லாத கிழவர்கள் என்று கேட்டதெல்லாம் வந்து சேர்ந்தன. ஒரு கறுப்பு உடுப்புதான் கிடைக்கவில்லை.

உடைகளுக்குப் பொறுப்பான இஸ்மீனி ஒரு பெட்டி நிறையக் கறுப்பு உடுப்புகள் கொண்டுவந்திருந்தாள். எல்லாமே புதுத் துணி. இயக்குநர் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டார். கறுப்பு வெள்ளைப் படத்தில் புதுக் கறுப்பு தார் பூசியதுபோல் தெரியுமாம். அவருக்கு வெயில் தின்ற கறுப்பு வேண்டும். கிணற்றடியில் ஆர்கீரோவைப் பார்த்ததும் இஸ்மீனி வாளியைக் கீழே வைத்துவிட்டாள். தோளில் கறுப்பு வெளுத்துப் பச்சை ஓடி, முழங்கையில் நரைத்துப்போன உடுப்பு. கணவன் கல்குவாரியில் வெடியில் சிக்கி இறந்து ஒன்பது வருடமாக ஆர்கீரோ அந்தத் துக்கக் கறுப்பைத்தான் துவைத்து உடுத்திக்கொண்டிருந்தாள்.

"இதை எனக்குக் கொடும்மா. மூணு வாரம் போதும். போட்டுக்க வேற ஒண்ணு நான் தரேன்."

"என்ன நிறம்?" என்று கேட்டாள் ஆர்கீரோ.

கேட்ட பிறகுதான் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். குறைந்தது யோசித்துச் சொல்கிறேன் என்றாவது. அன்று மாலையே அவள் கருநீல உடுப்பில் வீட்டுக்கு வந்தாள். மகள் ரோதாந்தி, பத்து வயது, அம்மாவைக் கறுப்பைத் தவிர வேறெதிலும் பார்த்த ஞாபகம் இல்லாதவள், வாசலில் நின்று நெடுநேரம் பார்த்தாள். பிறகு கிட்ட வந்து துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

படத்தின் கதை ஏதோ பேர்பெற்ற நாவலாம். ஊரில் அதைப் படித்தவர் பள்ளி ஆசிரியர் ஒருவர்தான். அந்நியச் சிப்பாய் ஒருவனை ஒளித்துவைத்த விதவையை ஊரே கல்லெறிந்து விரட்டுகிறது என்று அவர் காப்பிக்கடையில் சொன்னார்.

"எந்த ஊர்ல நடந்துச்சாம்?"

"நம்ம ஊரு மாதிரி ஒரு ஊர்ல."

"நம்ம ஊர்ல அப்படியெல்லாம் யாரு செய்வா!" என்று எல்லோரும் சிரித்தார்கள். மனூசோஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவன் ஆர்கீரோவுடைய கணவனின் அண்ணன். தம்பி போனபின் அவளுடைய ஆலிவ் மரங்களை உழுது, உலுக்கி, எண்ணெயைப் பீப்பாயில் கொண்டுவந்து இறக்குபவன் அவன்தான். காப்பியைக் குடித்து முடித்து நேரே அவள் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை.

"கழட்டிட்டியாமே."

"இரவல்தான் அத்தான். படம் முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துடுவாங்க."

"நான் உடுப்பைக் கேக்கலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

இஸ்மீனி அவளை ஊசி நூலோடு தன் பக்கத்திலேயே வேலைக்கு வைத்துக்கொண்டாள். அதனால் விதவையை விரட்டும் காட்சி எடுத்த அன்று ஆர்கீரோ கேமராவுக்குப் பின்னால் நின்றாள். அவள் வீட்டை ஒட்டிய சந்தில்தான் படப்பிடிப்பு. ஊரே இரண்டு வரிசையாக நின்றது. சாம்பல் வண்ணம் பூசிய தக்கைக் கற்களைக் கூடையிலிருந்து ஆளுக்கு நான்கு கொடுத்தார்கள். குரலையெல்லாம் பிறகு ஏதென்ஸில் சேர்த்துக்கொள்வோம், இப்போது வாயில் வந்ததைக் கத்துங்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

விதவையாக நடித்த மிர்த்தோ, ஆர்கீரோவின் உடுப்பில், தலையில் கறுப்புத் துணி கட்டி, குனிந்து ஓடிவந்தாள்.

"என் கழுதையைப் பாத்தியாடா?" என்று ஒருவன் ஆவேசமாகக் கத்தினான்.

"உன் பொண்டாட்டியைக் கேளு, அவதான் அதைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறா!" என்று இன்னொருவன் கல்லை ஓங்கினான்.

சந்து முழுக்கச் சிரிப்பு. இரண்டாம் முறையும் அப்படியே. இயக்குநர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "நடிக்காதீங்கய்யா! உங்களுக்கு நெஜமாவே பிடிக்காத ஒரு ஆளை நெனச்சுக்குங்க. அது போதும்."

மூன்றாம் முறை மிர்த்தோ ஓடிவந்தபோது காற்று தலைத்துணியை முகத்தின்மேல் இழுத்து மூடியது. முகம் தெரியாமல், தோளில் பச்சை ஓடிய அந்த உடுப்பு மட்டும் ஓடியது. ஓடுவது தான்தான் என்று ஒரு கணம் ஆர்கீரோவின் உடம்பு நம்பிவிட்டது. மனூசோஸ் வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்தான்.

"என் தம்பி கல்லறை மண்ணு இன்னும் காயலடி!"

அவன் எறிந்த கல் விழுந்த சத்தம் தக்கையின் சத்தம் இல்லை. மிர்த்தோ காதைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. கேமரா இன்னும் சில நொடிகள் ஓடியது. அதன் பிறகுதான் இயக்குநர் ஓடினார்.

சுவரிலிருந்து உதிர்ந்த கல் ஏதோ கூடையில் கலந்துவிட்டது என்று ஊர்க்காரர்கள் ஒரே வாயாகச் சொன்னார்கள். யார் எறிந்தது என்று கேட்டதற்கு ஒருவரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. இயக்குநர் ஆர்கீரோவின் பக்கம் திரும்பி, "நீங்க இங்கேதானே நின்னீங்க?" என்று கேட்டார். அவள் கையிலிருந்த ஊசியைப் பார்த்தாள்.

"நூல் கோத்துக்கிட்டிருந்தேன்" என்றாள்.

மறுநாள் மனூசோஸை அவள் ஆலிவ் தோப்பில் போய்ப் பிடித்தாள்.

"யார்மேல எறிஞ்சீங்க அத்தான்?"

"சினிமாவுக்குத்தானே எறிஞ்சேன்."

"அந்தக் கல்லு சினிமாக் கல்லு இல்லை."

அவன் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தான். கண் சிவந்திருந்தது. "ஒன்பது வருஷம் நீ அந்தக் கறுப்புல போறப்ப, அவன் இன்னும் இந்த ஊர்ல இருக்கான்னு தோணும் எனக்கு. நீ ஒரு சாயங்காலத்துல அவனை மடிச்சு அந்தப் பொம்பளை கையில குடுத்துட்டே. சிரிச்சுக்கிட்டே குடுத்தியாமே?"

சிரித்தாளா என்று அவளுக்கு நினைவில்லை. சிரித்திருக்கலாம். அவள் திரும்பி நடந்தாள்.

படக்குழு புறப்பட்ட அன்று இஸ்மீனி கறுப்பு உடுப்பைத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்தாள். ஆர்கீரோ அதை வாங்கிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீல உடுப்போடு தேவாலயத்துக்குப் போனாள். பெண்கள் நிற்கும் பக்கத்தில் அவளைச் சுற்றி ஒரு கை தூரத்துக்கு யாரும் நிற்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் மனூசோஸ் அவள் மரங்களின் பக்கம் வரவில்லை. கூலிக்கு வேறு ஆளும் வரவில்லை. தாயும் மகளும் கம்பெடுத்து முடிந்தவரை உலுக்கினார்கள். மீதிக் காய்கள் உதிர்ந்து மண்ணில் அழுகின.

ரோதாந்தி அந்த நாட்களில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பெரியப்பா வீட்டுப் பக்கம் போகச் சொன்னால் போகமாட்டாள். ஏன் என்று கேட்டால் "கால் வலிக்குது" என்பாள். பிள்ளைக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆர்கீரோ நினைத்துக்கொண்டாள்.

வசந்தத்தில் அவள் ஜெர்மனி ஆலைகளுக்கு ஆள் எடுப்பவர்களிடம் பெயர் கொடுத்தாள். பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது. பிரேயஸ் துறைமுகத்தில் மகளை அங்கே குடியிருந்த தன் தங்கையின் கையில் ஒப்படைத்தபோது ரோதாந்தி அழவில்லை.

"அம்மா, நீ போற இடத்துல நம்ம ஊர்க்காரங்க இருப்பாங்களா?"

"இல்லடி கண்ணு."

"அப்ப சரி" என்றாள் குழந்தை.

வானொலிப் பெட்டி செய்யும் ஆலையில் வேலை. ஆறு பேர் படுக்கும் அறை. இரண்டாம் வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரேக்கத் தொழிலாளர்களுக்காக ஊர்க்கோடித் திரையரங்கில் காலையில் அந்தப் படத்தைப் போட்டார்கள். போகக்கூடாது என்றுதான் இருந்தாள். அறைத்தோழி ஒருத்தி, வடக்கே த்ரேஸ் பகுதிக்காரி, கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டாள்.

சந்து வந்தது. காற்றடித்தது. அந்த மூன்றாம் முறையைத்தான் வைத்திருந்தார்கள். மனூசோஸின் வாய் அசைய, யாரோ ஏதென்ஸ்காரனின் குரல் "வெளியே போ!" என்றது. கல் பறந்தது.

த்ரேஸ்காரி விசும்பினாள். "மனுஷங்களாடி இவங்க? எந்த ஊருடி இது?"

ஆர்கீரோவுக்கு அவள் பேச்சு காதில் ஏறவில்லை. அவள் கண் கல்லின்மேலும் இல்லை, உடுப்பின்மேலும் இல்லை. திரையின் இடது ஓரத்தில் அவள் வீட்டு மொட்டைமாடி தெரிந்தது. காயப்போட்ட போர்வைக்கும் சுவருக்கும் நடுவில் ரோதாந்தி நின்றுகொண்டிருந்தாள். அன்று பள்ளிக்கூடத்தில் இருந்ததாக அவள் நினைத்திருந்த குழந்தை. பெரியப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல் பட்டதும் இரண்டு கைகளாலும் தன் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு திரும்பி, கேமராவின் பக்கம், அம்மா நின்ற இடத்தைப் பார்த்தாள். காட்சி மாறிவிட்டது.

படம் முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். ஆர்கீரோ எழவில்லை.

"வா, பஸ் போயிடும்."

"நீ போ. அடுத்த ஆட்டமும் இருக்காம்" என்றாள் அவள்.

இரண்டாவது ஆட்டத்தில் முன்வரிசைக்குப் போய் இடது ஓரமாக உட்கார்ந்தாள். அந்தச் சந்து வரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.