பதினொரு ஒன்றுகள்

1.

இந்தக் கதை நான் எழுதிய ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டிக்கு வெளியே, கரிசல் காட்டில் நிற்கும் ஒரு தனியார் கல்லூரியில் நான் தமிழ்ப் பேராசிரியர். 11.11.2011 அன்று திறந்த கல்லூரி என்பதால், தாளாளர் சௌந்தரபாண்டியன் முகப்பு வளைவில் பதினொரு ஒன்றுகளைப் பொறிக்கச் சொன்னார்: 11111111111. "கீழ ஒரு வரி போடுங்க" என்றார். போட்டேன்: 'எவராலும் வகுபடாத பகா எண், எவராலும் அசைக்க முடியாத கல்லூரி.'

(பகா எண் என்றால், ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுவது. சந்தேகத்துக்குக் கணிதத் துறைத் தலைவரைக் கேட்டேன். "பதினொண்ணு பகா எண்ணுல்லா? அப்போ பதினொரு ஒண்ணும் அப்படித்தான் அண்ணாச்சி" என்றார். டீயைக் குடித்துவிட்டு யோசித்தார். பிறகும் அதையே சொன்னார்.)

2.

சுடலைச்செல்வி புதூரிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி. [இங்கே அவள் வறுமை பற்றி மூன்று வரிகள் இருந்தன. அவள் கேட்கவில்லை, நீக்கிவிட்டேன்.] உள்தேர்வில் துறைத் தலைவர் வைத்த கேள்வி: 'நம் வளைவில் உள்ள எண் பகா எண் என நிறுவுக.' அவள் எழுதியது ஒரே வரி:

21649 × 513239 = 11111111111. நிறுவ முடியாது.

எப்படிக் கண்டுபிடித்தாள்? மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவள் ஆயிரம் தாள்களை

இல்லை. அவளையே கேட்டேன்.

"இதை வகுக்கிற பகா எண் எதுன்னாலும், அதை இருபத்திரெண்டால வகுத்தா மீதி ஒண்ணுதான் வரும்னு ருமானா மேடம் நடத்தியிருக்காவ சார். அந்த மாதிரி எண்ணை மட்டும் செல்போன்ல போட்டுப் பாத்தேன். வளைவைப் பாத்துச் சந்தேகம் வந்து, பரீச்சைக்கு முன்னாலயே ஒரு வாரம், பஸ்லயே."

விடைத்தாளைத் திருத்தியதும் அதே உதவிப் பேராசிரியர் ருமானாதான். பத்துக்குப் பத்து போட்டிருந்தார்.

3.

தாளாளர் அறையில் ருமானா குமுறினார் என்று எழுதி அடித்துவிட்டேன். அவர் குமுறவில்லை.

"மார்க்கை மாத்துங்கம்மா."

"விடை சரி சார்."

"வளைவு கிரானைட்டும்மா."

"தெரியுது சார். எண்ணு அதுக்கு முன்னாலயே இருக்கு."

மறுநாள் அவர்மேல் விசாரணைக் குழு. துறைத் தலைவர், விடுதிக் காப்பாளர், நான். 'நிறுவனத்தின் நற்பெயருக்குக் குந்தகம் விளைவித்தமையால் பணிநீக்கம் செய்யலாம்' என்பது அறிக்கை. நல்ல தமிழ், என்னுடையது. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

4.

முடிவு (அ): நான் மறுத்தேன். மாணவர்கள் கைதட்டினார்கள். (எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது.)

முடிவு (ஆ): கையெழுத்துப் போட்டேன். பிறகு இந்தக் கதையை எழுதி மனசைக் கழுவிக்கொண்டேன். பத்திரிகைக்காரர்களுக்கு இது பிடிக்கும்.

நடந்ததில் எழுத முடிந்தது இவ்வளவுதான். அறிக்கையோடு வராந்தாவில் போனபோது ருமானா எதிரே வந்தார்.

"பெருக்கிப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்."

"சரியா வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

அவர் வழியை விட்டு ஒதுங்கி நின்றார். தாளில் மூன்றாவது கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. மீதியை நீங்கள் எழுதுங்கள். என் பெயரில் அல்ல, உங்கள் பெயரைப் போட்டு.