வெளியில் மட்டும் தாழ்ப்பாள்

ஒரகடத்துக்குப் பக்கத்தில் கோபிநாத் நடத்திய ‘லேக் வியூ காட்டேஜி’ல் வியூ இருந்தது, லேக்தான் இல்லை. ஏரிக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. காட்டேஜ் என்பதும் கப்பலில் சரக்கு ஏற்றிவரும் இரும்புப் பெட்டிதான். அதை ஏலத்தில் எடுத்து, ஒரு பக்கம் ஜன்னல் வெட்டிக் கம்பி வைத்து, பச்சை பெயின்ட் அடித்து, வாசலில் பிளாஸ்டிக் புல் விரித்துவிட்டால் விடுதி ஆகிவிடும் என்று கோபிநாத்துக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் நிச்சயம் அங்கே தங்கியிருக்க மாட்டார்.

இசக்கிதுரையும் சுகப்பிரியாவும் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள். அவன் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ், அவள் போன் தயாரிக்கும் இடத்தில் குவாலிட்டி, பழுதான பாகத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டி ஒதுக்குகிற வேலை. வீடு அமையும்வரை அவன் ஒரு ரூமில் கும்பலோடு கும்பலாக, அவள் லேடீஸ் ஹாஸ்டலில். ஷிப்டு ஒத்துப்போய் இருவருக்கும் ஒன்றாக லீவு கிடைப்பது அபூர்வம். கிடைத்த இந்த ஒரு பகலுக்கும் சுகப்பிரியா நிபந்தனை போட்டிருந்தாள். காரணம் உண்டு. கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் நின்றபோது மாப்பிள்ளை மாலையோடு போய் அதைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்துவிட்டான். தாலி கட்டிய கையில் டீசல் வாடை.

“இன்னைக்கு எதையும் ரிப்பேர் பண்ணக் கூடாது. கையாலயும் தொடக் கூடாது, வாயாலயும் சொல்லக் கூடாது. ஆரம்பிச்சீங்க, அடுத்த ஆட்டோவுல ஹாஸ்டலுக்குப் போயிருவேன்.”

“சரி பிள்ள” என்று அவன் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

ஆனால் கண்ணை எங்கே விடுவது? இந்த மாதிரிப் பெட்டியின் பாரமெல்லாம் நான்கு மூலைகளில்தான் இறங்கும். நான்கும் ஒரே மட்டத்தில் நின்றால்தான் சட்டம் சதுரமாக இருக்கும். ஒரு மூலை தாழ்ந்தால் சட்டம் கோணும். கோணினால் இரண்டு கதவுகளும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், யானை இழுத்தாலும் வராது. கோபிநாத் மூன்று மூலைகளுக்கு கான்கிரீட் போட்டிருந்தார். அதற்குள் அலுத்துவிட்டதோ என்னவோ, கதவுப் பக்கத்து நான்காவது மூலைக்கு ஏரி மண்ணில் செங்கல் அடுக்கியிருந்தார். போதாததற்கு அதே மூலைக்கு நேர் மேலே, கூரையில் பெரிய தண்ணீர் டேங்க். இசக்கிதுரை வாயைத் திறந்தான். சுகப்பிரியா பார்த்தாள். மூடிக்கொண்டான்.

“வாங்க சார், வாங்க மேடம். சாருக்கு இன்னா வேலை? மெயின்டனன்ஸா? சூப்பர். உள்ள ஏசி கீது சார்” என்றார் கோபிநாத்.

ஏசி இருந்தது, பாதி. உள்ளே மாட்டுகிற பாகம் அறையின் சூட்டை உறிஞ்சும். வெளியே வைக்கிற பாகம் அந்தச் சூட்டைக் கொண்டுபோய்க் கொட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் குளிர்ச்சி. கோபிநாத் வெளிப் பாகத்தை வாங்கவே இல்லை. ஆக அது சுவரில் தொங்கும் விலை உயர்ந்த டேபிள் ஃபேன். கட்டில், மிஷின் வந்திறங்கிய மரப்பெட்டிகளின் பலகைகளை அடித்துச் செய்தது. ‘தலைகீழாக வைக்காதீர்’ என்று தலைமாட்டில் அச்சிட்டிருந்தது, தலைகீழாக.

சுகப்பிரியா ஹேண்ட்பேக்கிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாள். கண்ணாடி விரிசலில் ஒன்று ஒட்டினாள். ஆடுகிற நாற்காலியில் ஒன்று. சுவிட்ச் போர்டில் இரண்டு.

“ஏட்டி, இது மட்டும் வேலை இல்லையா?”

“நான் ரிப்பேரா பண்ணுதேன்? ரிஜெக்ட் பண்ணுதேன். அது வேற.”

“அப்ப ஒன் நெத்தியில இருக்கிறது என்ன?”

“ஒங்களக் கட்டினதுக்கு” என்றாள்.

கதவைச் சாத்துவது எப்படி என்று கேட்டதற்கு கோபிநாத் பெருமையாகச் சிரித்தார். “வெளிய இருந்துதான் சார். நான் பூட்டிக்கினு போறேன். வேணும்னா ஒரு போன் அடிங்க.”

கதவின் வெளிப்புறத்தில் மேலிருந்து கீழாக இரும்புத் தண்டுகள் ஓடும். கைப்பிடியைத் திருப்பினால் தண்டு சுழன்று, அதன் இரு முனைக் கொக்கிகளும் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். அருமையான அமைப்பு, சரக்குக்கு. எந்தச் சரக்கும் உள்ளேயிருந்து கதவைத் திறந்துகொண்டு காற்று வாங்கப் போவதில்லை. கோபிநாத் திருப்பிப் பூட்டிவிட்டுப் போன பிறகு போனைப் பார்த்தார்கள். இரும்புப் பெட்டிக்குள் சிக்னலும் நுழையாது.

சற்று நேரத்தில் வெளியே மோட்டார் ஓடும் சத்தம். தலைக்கு மேல் டேங்க் நிரம்பத் தொடங்கியது. இசக்கிதுரை கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மூலையில் ‘கிர்ர்’ என்றது. அவன் பாக்கெட்டுக்குள் விரல்களை மடக்கிக்கொண்டான்.

மதியம் பரோட்டாப் பார்சலோடு வந்த கோபிநாத் கைப்பிடியைத் திருப்பினார். இழுத்தார். சட்டத்தில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார்.

“மேடம், டோர் வர்ல!”

சுகப்பிரியா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். “இப்படி ஆவும்னு ஒங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“ஆட்டோவ விட்டு எறங்கினதுலேர்ந்து.”

“வாயத் தொறந்து சொல்லதுக்கென்ன?”

“நீதான வாயாலயும் சொல்லக் கூடாதுன்ன?”

அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வந்தது சிரிப்பு. “சரி, எப்படித் தொறக்கது? இத மட்டும் சொல்லுங்க.”

“பாத்ரூம் குழாயத் தொறந்து விட்டா டேங்க் காலியாயிரும். பாரம் கொறஞ்சா சட்டம் நிமுரும். அவ்வளவுதான்.”

வெளியே கோபிநாத் கெஞ்சினார். “சார், நீங்க மெயின்டனன்ஸாச்சே! ஒரு ஐடியா குடுங்க சார்!”

இசக்கிதுரைக்கு வாய் துடித்தது; உதட்டைக் கடித்துக்கொண்டான். அவன் பாக்கெட்டில் கைகள் அப்படியே இருப்பதை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாத்ரூமுக்குப் போய், குழாய் நன்றாக மூடியிருக்கிறதா என்று திருகிப் பார்த்துவிட்டு ஜன்னலுக்கு வந்தாள்.

“அவுக லீவுல இருக்காக. சிங்கப்பெருமாள் கோவில் ஊர்ல பட்டறைக்காரர் யாராவது இருப்பாக, கூட்டியாங்க.”

“அதுக்கு சாய்ங்காலம் ஆயிடும் மேடம்!”

“ஆவட்டும். பரோட்டாவ மட்டும் கம்பி வழியாக் குடுத்துட்டுப் போங்க.”

பரோட்டா தட்டையான பண்டம். ஒவ்வொன்றாகச் சுலபமாக நுழைந்தது. சால்னாப் பொட்டலம் உருண்டை. அதைக் கம்பிகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் என்ன ஆகும் என்று கோபிநாத் ஒரு கணமும் யோசிக்கவில்லை. அழுத்தினார். அவர் சட்டை முழுக்கச் சால்னா.