இரண்டாவது செய்தி

‘அனுப்பு’ என்ற பொத்தானை நிஷாந்தினி அழுத்திய மறுகணம், மேசையில் கிடந்த அவளுடைய போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். ‘அவசரம். மண்சரிவு அபாயம். உடனே லயத்தை விட்டு வெளியேறிப் பாடசாலைக்குச் செல்லவும்.’ அவள் எழுதிய வாசகம்தான். ஆனால் அது லெப்டொப் திரையோடு நின்றிருக்க வேண்டியது. தன் போனுக்கே வந்திருக்கிறது என்றால் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் போயிருக்கிறது.

பண்டாரவளையில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் ஞாயிறுதோறும் நடக்கும் மென்பொருள் வகுப்பு அது. இணையத்தளத்தின் முகப்பை யார் வேண்டுமானாலும் அழகுபடுத்தலாம், பின்னால் சர்வரில் ஓடுவதுதான் சோறு போடும் என்பது ஷிஹானா மிஸ்ஸின் கட்சி. ஆளுக்கொரு செயலி செய்யச் சொன்னார். மற்றவர்கள் புத்தகக் கடை, பஸ் டிக்கெட் என்று போனார்கள். நிஷாந்தினி மண்சரிவு எச்சரிக்கையைப் பிடித்துக்கொண்டாள். கொஸ்லந்தைக்கு மேலே, மலையை ஒட்டிய தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவளுக்கு வேறென்ன தோன்றும்? பரிசோதனைக்குப் பொய்யான போன் இலக்கங்களைப் போடுங்கள் என்று மிஸ் தலைதலையாய் அடித்துக்கொண்டார். இவள் கேட்டால்தானே! தன் லயத்தில் வீடுவீடாகப் போய் வாங்கிய இலக்கங்களையே போட்டு வைத்திருந்தாள். ஒருநாள் இது உண்மையாகவே ஓடும் என்ற ஆசைதான். நாளைக்குக் கொழும்புக் கம்பனிக்காரர்கள் வருகிறார்கள், இரண்டு பேரை வேலைக்கு எடுப்பார்கள். அவர்களுக்குக் காட்டுவதற்காக, நிஜமாகவே மெசேஜ் போகும் வசதியை மிஸ் காலையில் திறந்துகொடுத்திருந்தார். தன் போனுக்கு மட்டும் ஒன்றை அனுப்பிப் பார்த்தவள், திரும்ப மூட மறந்துபோனாள்.

கூரைத் தகரத்தில் மழை இரைந்தது. எப்படி நிறுத்துவதென்று பத்து நிமிடமாகத் திரையில் தேடிக்கொண்டிருந்தவளின் முகத்தைப் பார்த்துவிட்டு மிஸ் பக்கத்தில் வந்தார்.

“யாருக்குப் போச்சு?”

“எங்க லயத்துக்கு மிஸ். எல்லாருக்கும்.”

மிஸ் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். “சரி. பிழைன்டு இப்பவே இன்னொன்டு அனுப்புங்க.”

நிஷாந்தினி தட்டினாள். ‘முந்திய செய்தி தவறு. அபாயம் இல்லை. வீடுகளுக்குத் திரும்பலாம்.’ அனுப்புவதற்குள் அம்மாவின் அழைப்பு வந்துவிட்டது.

“பாப்பா, கவர்மெண்டுலருந்து மெசேஜ் வந்துச்சுடி. எல்லாரும் கீழ ஸ்கூலுக்கு ஓடியாந்துட்டோம். காலையிலயே பீலித் தண்ணி செம்மண்ணா வந்துச்சு. அப்பவே எனக்கு மனசு சரியில்ல. நீ ஒன்னும் பயப்படாத.”

மலையூற்றுப் பீலியில் தண்ணீர் சேறாக வந்தால் மலைக்குள் மண் அசைகிறது என்பார்கள். இத்தனை நாள் மழைக்குச் சும்மாவும் வரும். எதுவென்று இந்த மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு யாரால் சொல்ல முடியும்? ‘அபாயம் இல்லை’ என்று தான் எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் செய்தி கைதவறிப் போனது. இதைத் தெரிந்தே அனுப்ப வேண்டும்.

“அனுப்புங்க நிஷாந்தினி. நாளைக்குப் பொய்ன்டு தெரிஞ்சா, அடுத்த முறை உண்மையா வரக்குள்ள ஒருத்தரும் அசைய மாட்டாங்க. பொலிசும் வந்து கேக்கும்.”

மிஸ் சொன்னதில் தவறே இல்லை, அதுதான் கொடுமை.

“அபாயம் இல்லன்னு எனக்குத் தெரியாதுங்க மிஸ்.”

“இருக்குன்டும் தெரியாதே!”

நிஷாந்தினி போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். “அம்மா, அது கவர்மெண்டு இல்ல. நான்தான் அனுப்புனேன். கைதவறிப் போயிருச்சு.”

அந்தப் பக்கமும் மழை. ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. “என்னவாம்? வீட்டுக்குப் போகலாமா?” என்று யாரோ ஆம்பிளைக் குரல் கேட்டது. அம்மா திட்டுவாள் என்று நிஷாந்தினி காத்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலை போலிருந்தது.

“பொறுங்கப்பா,” என்றாள் அம்மா, அவளிடமல்ல, அங்கிருந்தவர்களிடம். “இங்கனயே இருக்கச் சொல்றாங்க.” பிறகு குரலைத் தாழ்த்தி, “பாப்பா, கடைசி வீட்டு இராக்கம்மாவ மட்டும் காணோம். ரெண்டு நாளா காய்ச்சல், வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குக்கூடப் போகல. மெசேஜ் அவளுக்குப் போச்சான்னு பாரு.”

திரையில் எல்லா இலக்கங்களுக்கும் எதிரே பச்சை விழுந்திருந்தது. இராக்கம்மாவின் வரி மட்டும் மஞ்சள். இன்னும் போய்ச் சேரவில்லை.

நிஷாந்தினி இரண்டாவது செய்தியை முழுக்க அழித்தாள். முதல் செய்தியை மறுபடி எடுத்து, அந்த ஒரு இலக்கத்தை மட்டும் தெரிவுசெய்தாள்.

“நிஷாந்தினி,” என்றார் மிஸ். குரலில் அதட்டல் இல்லை. கையைப் பிடிக்கவும் இல்லை.

அழுத்தினாள்.

“போகலம்மா. இன்னும் போகல.”

“சரி, நான் ஓடிப்போயிக் கூட்டியாந்துர்றேன்.”

“அம்மா, நீ போகாத! அம்மா!”

அம்மா போனை அணைக்கவில்லை. சேற்றில் கால் புதைந்து புதைந்து எழும் சத்தமும், மேட்டில் ஏறுகிறவளின் மூச்சும், “ஏ இராக்கம்மா” என்ற கூப்பாடும் மழைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தன. திரையில் இராக்கம்மாவின் முதல் மஞ்சள் வரிக்குக் கீழே, இப்போது அனுப்பியதும் இன்னொரு மஞ்சள் வரியாக வந்து நின்றது.