கொழுந்தன் தட்டிப் பார்த்த உத்தரம்

என் கொழுந்தன் வாயாலேயே கட்டடம் கட்டுகிறவன். அவன் கட்டிய ஐந்து மாடிக் குடியிருப்புக்குக் கம்பிக் கணக்குப் போட்ட இன்ஜினியர் நான்.

“எதுக்கு அண்ணி இவ்ளோ கம்பி? யானையா குடிவரப் போகுது?” என்று வேலையாட்கள் முன்னால் இளித்தான்.

தூண்களைச் சுற்றும் வளையங்களை நெருக்கச் சொன்னேன். உத்தரத்தின் அடிக்கம்பியைத் தூணோடு வெட்டாமல் அடுத்த உத்தரத்துக்குள் நீட்டச் சொன்னேன். கம்பிக்கு மேல் காங்கிரீட் கனமாக மூட வேண்டும் என்றேன். அவன் கொட்டாவி விட்டான். நான் தினமும் போய் நின்றதால் நடந்தது.

ஆட்கள் குடிவந்த மறுவருடம், பிரேக் பிடிக்காத பெட்ரோல் டேங்கர் ஒன்று சரிவில் பாய்ந்து வந்து மூலைத்தூணில் மோதித் தீப்பிடித்தது. டிரைவர் முன்பே குதித்து, கால் முறிந்து பிழைத்தார். தூண் உடைந்தே போனது. அதற்கு மேலிருந்த மாடிகள் அந்தரத்தில் தொங்கின, விழவில்லை. அறுபடாத கம்பிகள் பாரத்தைப் பக்கத்துத் தூண்களுக்குக் கொண்டுபோயின. கனத்த காங்கிரீட், கம்பிக்குச் சூடு ஏறுவதைத் தாமதப்படுத்தியது. அதற்குள் பின்படி வழியாக எல்லோரும் இறங்கிவிட்டார்கள். மேல்மாடிப் பாட்டு டீச்சர், படுத்த படுக்கையான கணவரைப் போர்வையில் வைத்து நாலு பேர் தூக்கிவந்ததாகச் சொல்லி என் கையைப் பிடித்து அழுதார்.

தீ அடங்கிய மறுநாள் உள்ளே போய்ப் பார்த்தேன். காங்கிரீட் வெந்து இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டிய உத்தரம் பொத்தென்றது. கயிறு கட்டி வழியை அடைத்தேன்.

புதுச்சட்டையும் டிவிக்காரர்களுமாகக் கொழுந்தன் வந்து சேர்ந்தான்.

“நான் கட்டுனது சார்! குண்டு போட்டாலும் அசையாது. அடுத்த வாரம் பெயின்ட் அடிச்சு எல்லாரையும் உள்ள விட்டுடுவேன்.”

“தம்பி, கயித்தத் தாண்டாதீங்க. வெந்த காங்கிரீட், உரிஞ்சு விழும்.”

“அண்ணிக்கு எப்பவுமே பயம்” என்று கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தவன், கயிற்றைத் தாண்டினான். கையிலிருந்த குடையால் உத்தரத்தை ஓங்கித் தட்டினான்.

அம்மிக்கல் அளவுக்கு ஒரு பாளம் பெயர்ந்து அவன் தோளை உரசி விழுந்தது. “ஐயோ அம்மா!” என்று அலறி, ஒரு செருப்பை விட்டுவிட்டு, டிவிக்காரர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினான். தொலைக்காட்சியில் அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நானும் சலிக்காமல் பார்த்தேன்.

முட்டுக்கொடுத்து, வெந்ததைச் செதுக்கியெடுத்து, தூணைப் புதிதாக வார்த்து முடிக்க மழைக்காலமே ஓடிவிட்டது. ஆட்கள் திரும்பிவந்த அன்று அவன் மைக்கைப் பிடித்தான்.

“என் கட்டடம் எப்படி நின்னுச்சு பாத்தீங்கல்ல? அண்ணியும் ஏதோ கொஞ்சம் ஒத்தாசை பண்ணாங்க.”

பாட்டு டீச்சர் எழுந்து, பேச்சு முடியுமுன்பே கணவரின் சக்கர நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார். மற்றவர்களும் பெட்டி படுக்கையோடு பின்னால் நடந்தார்கள்.

“விடும்மா, அவன் அப்படித்தான்” என்றார் என் கணவர்.

“தெரியும். அதான் அடுத்த வேலைக்கு வேற பில்டர பாத்துட்டேன்.”